உசுப்பேற்றுவது எப்படி நடக்கிறது? மேக்பெத்தும் அவன் மனைவியும்

"நல்ல மனுஷன், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனான்." ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் பலரும் இப்படித்தான் சொல்வார்கள். லேடி மேக்பெத்தை நாலாவது சூனியக்காரி என்று அழைப்பதும் பழைய வழக்கம்தான். கதைச்சுருக்கத்தோடு நின்றுவிட்டவர்களுக்கு இது சரியாகவே படும். காட்சி காட்சியாகப் படித்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. அவன் மனத்தில் இல்லாத எதையும் அவள் விதைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த போராட்டத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். எப்படிச் சாய்த்தாள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் கதை, வேகமாக. மேக்பெத், ஸ்காட்லாந்து மன்னன் டங்கனின் தளபதி. போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்படுகிறார்கள். நீ காடோர் பிரபு ஆவாய், பிறகு அரசனே ஆவாய் என்கிறார்கள். கூட வந்த பாங்க்வோவிடம், உன் வம்சத்தார் அரசாள்வார்கள் என்கிறார்கள். காடோர் பட்டம் உடனே வந்துசேர்கிறது. அடுத்து மன்னனே மேக்பெத்தின் கோட்டைக்கு விருந்தாளியாக வருகிறான். தூக்கத்திலேயே அவனைக் கொன்று மேக்பெத் முடிசூடுகிறான். முடியைக் காப்பாற்றிக்கொள்ள மேலும் மேலும் கொலை செய்கிறான். மனைவி மனம் பேதலித்து இறக்கிறாள், அவன் மக்டஃப் என்ற பிரபுவின் வாளுக்கு இரையாகிறான். 1606ஐ ஒட்டி எழுதப்பட்டு 1623இல் அச்சேறிய இந்த நாடகம், ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது.

இரண்டு கருத்துகள்

அகப்போராட்டம் என்றால் என்ன? ஒருவனுக்கு ஒன்றின்மேல் ஆசை இருக்கிறது. அதைச் செய்யக்கூடாது என்பதும் அவனுக்கே தெரிகிறது. இரண்டு குரலும் அவனுடையவைதான், வெளியே எதிரி யாரும் இல்லை. நாடகத்தில் இதைக் காட்டுவதற்கென்றே ஒரு வசதி உண்டு: தனிமொழி. பாத்திரம் மேடையில் தனியாக நின்று மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும். நமக்குக் கேட்கும், மற்ற பாத்திரங்களுக்குக் கேட்காது.

மேனிபுலேஷன் என்பதைப் பேச்சுவழக்கில் உசுப்பேற்றுவது, மனசைக் கலைப்பது என்றெல்லாம் சொல்கிறோம். காரணங்களை முன்னால் வைத்து ஒருவரை இணங்கவைத்தால் அது வாதம். அவருடைய வெட்கத்தையோ பயத்தையோ பாசத்தையோ பிடித்து இழுத்து, யோசிக்க இடம் கொடுக்காமல் இணங்கவைத்தால் அது உசுப்பேற்றல். செய்பவருக்கு ஒரு பிடிமானம் தேவை. அந்தப் பிடிமானம்தான் எதிராளியின் அகப்போராட்டம்.

கைகேயியிடம் கூனி பட்ட பாடு நமக்குத் தெரியும். இராமனுக்கு முடிசூட்டு என்ற செய்தி கேட்டு மகிழ்ந்து, சொன்னவளுக்கே மாலையைப் பரிசளித்தவள் கைகேயி. அவளிடம் ஆசையையே புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. லேடி மேக்பெத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆசை கடிதமாக எழுதப்பட்டு அவள் கைக்கே வந்து சேர்ந்தது.

அவள் மேடைக்கு வரும் முன்பே

முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியைக் கவனியுங்கள். சூனியக்காரிகள் அரசனாவாய் என்று மட்டுமே சொன்னார்கள். கொலை என்ற பேச்சே வரவில்லை. ஆனால் காடோர் பட்டம் கிடைத்தது தெரிந்த அடுத்த நிமிடமே, ஒரு கோரக் காட்சி மனத்தில் எழுந்து மயிர்க்கூச்செறிகிறது, நெஞ்சு விலா எலும்பில் மோதுகிறது என்று மேக்பெத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். கொலை என்பதை அந்தப் பேச்சில் அவனே வாய்விட்டுச் சொல்கிறான். பக்கத்தில் நிற்கும் பாங்க்வோவும் நல்வாக்குக் கேட்டவன்தான். அவனோ, இருட்டுச் சக்திகள் சின்ன உண்மைகளைச் சொல்லி நம்பவைத்துப் பெரிய விஷயத்தில் கழுத்தறுக்கும் என்று எச்சரிக்கிறான். விதை ஒன்றுதான், விழுந்த மண் வேறு.

அடுத்த காட்சியில் டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவிக்கிறான். நட்சத்திரங்களே, உங்கள் வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளுங்கள், என் கரிய ஆசைகளை அது பார்க்க வேண்டாம் என்கிறான் மேக்பெத். மனைவி இன்னும் மேடைக்கே வரவில்லை.

அவள் வருவது ஐந்தாம் காட்சியில், கணவனின் கடிதத்தைப் படித்தபடி. என் பெருமையில் பங்காளியே என்று அவளை விளித்து எழுதியிருக்கிறான். நல்ல செய்தியை முதலில் அவளிடம் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. ஷேக்ஸ்பியர் படைத்த தம்பதிகளில் இத்தனை நெருக்கமானவர்கள் குறைவு என்பேன். இந்த நெருக்கம்தான் பின்னால் ஆயுதமாகிறது.

கடிதத்தை முடித்ததும் கணவனை அவள் எடைபோடுகிறாள். உங்களுக்குப் பெரிய ஆளாக வேண்டும், ஆனால் அதற்கு வேண்டிய கொடூரம் இல்லை. தப்பாட்டம் ஆட மனசில்லை, தப்பான வெற்றி மட்டும் வேண்டும். நம் ஊரில் இதைக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று முடித்துவிடுவோம். அவனுடைய அகப்போராட்டத்தை அவனைவிடத் தெளிவாக அவள் படித்துவிட்டாள். எங்கே தொட்டால் வலிக்கும் என்பது கூடவே வாழ்பவருக்குத்தானே தெரியும்.

கணவனைத் தொடும் முன் அவள் தன்னைத்தானே ஒரு கை பார்க்கிறாள். பெரும்பாலோர் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. ஆவிகளே வாருங்கள், என் பெண்மையைப் பறித்துக்கொள்ளுங்கள், இரத்தத்தைக் கெட்டியாக்குங்கள், இரக்கம் நுழையும் வழியை அடைத்துவிடுங்கள் என்று வேண்டுகிறாள். பிறவியிலேயே ஈரமில்லாதவள் என்றால் இந்த வேண்டுதல் எதற்கு? இரக்கம் வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. அதனால்தான் வாசலை அடைக்கச் சொல்கிறாள். அவளுக்குள்ளும் ஒரு போராட்டம் உண்டு. அதை நடத்தி முடிக்காமல் பூட்டிவைக்கிறாள். பூட்டு எப்போது உடைகிறது என்பது ஐந்தாம் அங்கத்தில் தெரியும்.

கேள்வி மாறும் காட்சி

முதல் அங்கத்தின் ஏழாம் காட்சி சுமார் 80 வரிதான். இந்தத் தலைப்பில் ஒரே ஒரு காட்சியைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். உள்ளே மன்னனுக்கு விருந்து நடக்கிறது. மேக்பெத் எழுந்து வெளியே வந்து தனியாக நிற்கிறான்.

அவன் தனிமொழி ஒரு வக்கீலின் வாதம்போல ஓடுகிறது. இங்கே செய்யும் கொலைக்கு இங்கேயே கூலி கிடைக்கும், நாம் கற்றுக்கொடுக்கும் பாடம் நம்மிடமே திரும்பும். டங்கன் என் உறவினன், என் அரசன். இன்று என் விருந்தாளி வேறு. கொலைகாரன் நுழையாமல் கதவைச் சாத்த வேண்டிய நானே கத்தியெடுப்பதா? அவன் நல்ல அரசனும்கூட, செத்தால் ஊரே அழும். இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பதவி ஆசை ஒன்றைத் தவிர வேறில்லை. கணக்கு முடிந்தது. மனைவி வந்ததும், இந்தக் காரியத்தை இதற்குமேல் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான்.

ஆனால் அவளிடம் அவன் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். உறவு, விருந்து, பாவம் எதையும் அவன் வாயே திறக்கவில்லை. மன்னர் இப்போதுதான் என்னைக் கௌரவித்தார், ஊரில் நல்ல பெயர் எடுத்திருக்கிறேன், அதைக் கொஞ்ச நாள் அனுபவிக்கலாமே என்கிறான். தனியாக நின்றபோது இருந்த பலமான காரணங்களை மறைத்துவிட்டு, ஆக மெலிந்த காரணத்தை நீட்டுகிறான். மனைவியிடம் நல்லவனாகத் தெரிய வெட்கம்! அவள் வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

அடுத்து அவள் பேசுவது ஏறக்குறைய எல்லாம் கேள்விகள். அப்போது ஆசைப்பட்டீர்களே, அந்த ஆசை குடித்துவிட்டுப் பேசியதா, இப்போது போதை தெளிந்து முகம் வெளுத்து விழிக்கிறதா? மனம் மாறுவதே அசிங்கம் என்ற தோரணை. உடனே அடுத்தது: என்மேல் உங்களுக்குள்ள அன்பையும் இனி இப்படித்தான் எடுத்துக்கொள்வேன். கொலைக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம்? இல்லை. ஆனால் இப்போது கொலையை மறுத்தால் காதலையே மறுத்ததாகிவிடும் என்று முடிச்சுப் போட்டாயிற்று. மூன்றாவதாகக் கோழைப் பட்டம். மீனும் வேண்டும், காலும் நனையக்கூடாது என்று நின்ற பழமொழிப் பூனையாக வாழப்போகிறீர்களா?

இங்கே மேக்பெத் நல்ல பதில் ஒன்று சொல்கிறான். ஓர் ஆண்மகனுக்குத் தகுந்ததையெல்லாம் செய்யத் துணிவேன், அதற்குமேல் துணிகிறவன் மனுஷனே இல்லை. நாடகத்தின் அறம் இந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது. ஆனாலும் அவன் தோற்பது இங்கேதான். கொலை சரியா என்பது அவன் கேள்வி. நீங்கள் ஆண்பிள்ளையா என்பது அவள் கேள்வி. அவள் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்த உடனே தன் கேள்வியை அவன் கைவிட்டுவிட்டான். அவள் விடுவாளா? மனுஷன் இல்லையென்றால் இதை என்னிடம் சொல்லவைத்தது எந்த மிருகம்? துணிந்தபோதுதான் நீங்கள் ஆண்பிள்ளை!

கடைசி அடி அந்தக் குழந்தைப் பேச்சு. நான் பால் கொடுத்தவள், பால் குடிக்கும் குழந்தையின் பாசம் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்களைப்போல வாக்குக் கொடுத்திருந்தால், என் முகம் பார்த்துச் சிரிக்கும்போதே அதைப் பிடுங்கி மண்டையைச் சிதறடித்திருப்பேன். கேட்பவனுக்கு வாயடைத்துப் போகிறது. இது யாருடைய குழந்தை, எங்கே போயிற்று என்பதற்கு நாடகத்தில் விடை கிடையாது. மேடையில் இந்தத் தம்பதிக்குப் பிள்ளை இல்லை.

அப்போது மேக்பெத் கேட்கிறான்: நாம் தோற்றுவிட்டால்?

எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு முன் "கூடாது" என்று நின்றவன் இப்போது "முடியுமா" என்கிறான். அறக்கேள்வி நடைமுறைக் கேள்வியாகிவிட்டது. நடைமுறைக்கு அவளிடம் பதில் தயார். காவலர் இருவரையும் மது ஊட்டி மயக்கிவிடலாம், பழியை அவர்கள்மேல் போடலாம். அவனும் உற்சாகமாகி, அவர்கள் மேல் இரத்தத்தைப் பூசி அவர்கள் கத்தியையே பயன்படுத்தினால் நம்பமாட்டார்களா என்று திட்டத்துக்கு மெருகேற்றுகிறான். இந்தக் காட்சி முழுவதிலும் கொலை நியாயம் என்று அவள் ஒரு தடவைகூட வாதாடவில்லை. டங்கன் நல்லவனா கெட்டவனா என்ற பேச்சுக்கே அவள் போகவில்லை. போயிருந்தால் தோற்றிருப்பாள்.

கற்றுக்கொண்ட மாணவன்

கொலை நடந்த இரவில் இருவரும் எதிரெதிர்த் திசையில் போகத் தொடங்குகிறார்கள். தூங்கும்போது என் அப்பா ஜாடை தெரியாமல் இருந்திருந்தால் நானே முடித்திருப்பேன் என்று அவள் முணுமுணுக்கிறாள். அடைக்கச் சொன்ன வாசல் முழுசாக அடைபடவில்லை போலும். அவனோ, பக்கத்து அறையில் பிரார்த்தித்தவர்களோடு சேர்ந்து ஆமென் சொல்ல வரவில்லையே என்று புலம்புகிறான், கத்திகளை அங்கே வைக்காமல் கையோடு கொண்டுவந்துவிடுகிறான். அவள் அவற்றை வாங்கிக்கொண்டு திரும்பப் போகிறாள். கடல் முழுவதும் கொட்டினாலும் இந்தக் கை சுத்தமாகாது என்பது அவன் எண்ணம். கொஞ்சம் தண்ணீர் போதும் என்பது அவள் பதில். இதையெல்லாம் இப்படி யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றும் அவள் சொல்கிறாள். பிடிக்கப்போவது யாருக்கு என்று அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் நான் மிகவும் ரசிக்கும் ஓர் இடம். பாங்க்வோவைக் கொல்ல மேக்பெத் இரண்டு பேரை அமர்த்துகிறான். அவர்கள் தயங்கும்போது, நாங்களும் ஆண்கள்தான் அரசே என்கிறார்கள். ஆமாம், வேட்டை நாய், தெருநாய் எல்லாவற்றையும் பட்டியலில் நாய் என்றுதான் எழுதுகிறார்கள், அதுபோலப் பட்டியலில் நீங்களும் ஆண்கள்தான் என்கிறான் இவன். நீங்கள் ஆண்பிள்ளையா என்று மனைவி வீசிய அதே கேள்வி! வாங்கிய அடியை வித்தையாக மாற்றிக்கொண்டுவிட்டான். இந்தத் திட்டம் அந்த மனைவிக்கே தெரியாது.

அடுத்த காட்சியில் அவள் தனியாக இருக்கும்போது, எல்லாம் செலவாகிவிட்டது, கையில் ஒன்றும் இல்லை என்று தனக்குள் சொல்கிறாள். கணவன் நுழைந்ததும் குரல் மாறுகிறது. நடந்தது நடந்துவிட்டது, அதையே நினைத்துக்கொண்டு ஏன் தனியாக இருக்கிறீர்கள்? என் மனம் முழுக்கத் தேள் என்கிறான் அவன். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால், உனக்குத் தெரியாமலே இருக்கட்டும் கண்ணே, முடிந்த பிறகு பாராட்டு என்று கொஞ்சுகிறான். இருவருக்கும் ஒரே வேதனைதான். ஒருவரிடம் ஒருவர் முழுசாகச் சொல்வதில்லை. வெட்கத்தை ஆயுதமாக்கிய வீட்டில் பலவீனத்தை ஒப்புக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

விருந்துக் காட்சியில் பாங்க்வோவின் ஆவி அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. அவள் பழைய ஆயுதத்தை எடுக்கிறாள்: நீங்கள் ஆண்பிள்ளையா? இது குளிர்கால அடுப்படியில் கிழவி சொல்லும் கதை. இம்முறை பலிக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிறவனிடம்தான் அந்தக் கேள்வி வேலை செய்யும். இவன் இப்போது பயப்படுவது செத்தவனுக்கு. விருந்தினரை அவசரமாக அனுப்பிவிட்ட பிறகு அவள் திட்டவே இல்லை. உங்களுக்குத் தூக்கம் வேண்டும் என்கிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கணவனும் மனைவியும் மேடையில் சேர்ந்து வரும் காட்சி ஒன்றுகூட இல்லை.

ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் பூட்டு உடைகிறது. தூக்கத்தில் நடக்கிறாள், கையில் மெழுகுவர்த்தி. எப்போதும் பக்கத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு என்று தோழி வைத்தியரிடம் சொல்கிறாள். இல்லாத கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். கொஞ்சம் தண்ணீர் போதும் என்றவளுக்கு, அரேபிய வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்தாலும் இந்தக் கை மணக்காது என்று தோன்றுகிறது. மக்டஃபின் மனைவியைக் கேட்கிறாள். அவளையும் பிள்ளைகளையும் மேக்பெத் ஆளனுப்பிக் கொன்றது இவள் தூக்கத்துக்குள் நுழைந்திருக்கிறது. அவள் அதுவரை பேசிவந்த செய்யுள்நடை இங்கே உதிர்ந்து உரைநடையாகச் சிதறுகிறது. மேக்பெத் தன் போராட்டத்தைக் கொலைக்கு முன்பே தனிமொழியில் நடத்தி முடித்துத் தோற்றவன். அவள் அதைத் தூக்கத்தில்தான் தொடங்குகிறாள்.

அவள் இறந்த செய்தி வரும்போது அவன் எப்படி என்றுகூடக் கேட்பதில்லை. தன்னையே மாய்த்துக்கொண்டாள் என்பதை நாடகத்தின் கடைசிப் பேச்சில் மால்கம் சொல்லித்தான் அறிகிறோம். அரக்கி போன்ற அரசி என்கிறான் அவன். அப்பாவைப் பறிகொடுத்த மகனின் தீர்ப்பு அது. அவளுடைய தூக்கத்தை அவன் பார்த்ததில்லை.

வரலாற்றில் இருந்தவர்கள்

இப்படியொரு படுக்கையறைக் கொலை வரலாற்றில் நடக்கவில்லை. உண்மையான டங்கன் 1040இல் போர்க்களத்தில் மாண்டான். மேக்பெத் 1057 வரை ஆண்டான். மனைவி பெயர் குரூக், முந்தைய கணவன்வழி அவளுக்கு ஒரு மகனும் இருந்தான். ஷேக்ஸ்பியருக்குக் கதை கிடைத்தது ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பிலிருந்து. மனைவியின் தூண்டுதலால் விருந்தாளி மன்னனைக் கொன்ற டான்வால்ட் என்ற வேறொருவன் கதையும் அதில் உண்டு. அந்தக் கதையை மேக்பெத்தோடு முடிந்து வைத்தார். அந்தக் கணவன் மனைவி பேச்சு முழுக்க அவருடைய கைவண்ணம்.

நடிகைகள் எடுக்கும் முடிவு

நாடகம் என்பதால் சில கேள்விகளுக்கு மேடைதான் விடை சொல்லியாக வேண்டும். 1785இல் லண்டன் டுரூரி லேன் அரங்கில் சாரா சிடன்ஸ் தூக்க நடைக் காட்சியில் மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை நடிகைகள் அதைக் கையிலேயே பிடித்திருப்பது மரபு. இரண்டு கையும் இல்லாமல் எப்படிக் கை கழுவுவது என்பது அவர் நியாயம். அரங்க நிர்வாகி ஷெரிடன் முதலில் தடுத்துப் பார்த்தார், பிறகு அவரே பாராட்டினார்.

இன்னும் தீராத ஒன்று இரண்டாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் இருக்கிறது. டங்கன் கொலை வெளியே தெரிந்து எல்லோரும் கூடி நிற்கிறார்கள். காவலர் இருவரையும் கோபத்தில் நானே கொன்றுவிட்டேன் என்று மேக்பெத் அறிவிக்கிறான். இது போட்ட திட்டத்தில் இல்லை. அவன் காரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது லேடி மேக்பெத், என்னைத் தாங்குங்கள் என்று குரல் கொடுக்கிறாள், அவளைத் தூக்கிச் செல்கிறார்கள். நிஜ மயக்கமா, நடிப்பா? மூலத்தில் தெளிவு இல்லை. நடிப்பு என்று கொண்டால், உளறுகிற கணவனிடமிருந்து எல்லோர் கண்ணையும் தன் பக்கம் திருப்பிக் காப்பாற்றுகிறாள், இன்னும் ஆட்டுவிப்பவள் அவள்தான். நிஜம் என்று கொண்டால், தன்னைக் கேட்காமலேயே கொல்லத் தொடங்கிவிட்டான் என்பது அவளுக்கு உறைத்த கணம் அது. நான் இரண்டாவது கட்சி. மூன்றாம் அங்கத்தில் பாங்க்வோ விஷயத்தை அவளிடமிருந்து மறைக்கப்போகிறவன், அந்தப் பழக்கத்தை இந்தக் காவலர் கொலையில்தான் தொடங்குகிறான். அதை முதலில் கண்டுகொள்ளக்கூடியவள் அவளைத் தவிர அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை.